இடது தோள்

முனீஸ்வரன் கோயில் தெருவில்
ஜபருல்லா பாய் கடையில்
பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே கிடந்தது,
ஊதாவிலும் சேராத நீலத்திலும் சேராத ஒரு நிறத்தில்.
"பள்ளத்தூர் வீட்டுச் சாமான், தங்கச்சி.
பாகம் பிரிச்சப்ப வந்தது.
சிங்கப்பூர்ச் சரக்கு. ரெண்டாயிரம்."
பித்தளைச் செம்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

எடையா இதற்கு விலை?

பேட்டரி மூடியைத் திறந்தேன்.
சுருள்கம்பியில் பச்சை பூத்திருந்தது.
வினிகர் தொட்டால் போய்விடும். அதைச் சொல்லவில்லை.
"அரிச்சுப் போச்சு பாய்" என்றேன்.
திருகுகளின் தலையில் ஒரு கீறல் இல்லை,
இதுவரை எவனும் உள்ளே கை வைக்கவில்லை.
அதையும் சொல்லவில்லை.
திரையின் ஓரத்தில் ஒரு கோடு, தலைமுடி கனம்.
அதைச் சொன்னேன், இரண்டு முறை.

விலை பேசுவதென்றால்
பிடித்துப்போனதை வாயாரப் பழிப்பது.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்
கற்றுக்கொண்டிருப்பேன்.

கைப்பையிலிருந்த இரண்டு பென்சில் செல்லைப் போட்டேன்.
மணி மட்டும் கேட்டது, படம் தெரியவில்லை.
இந்த மாடலுக்குப் பின்விளக்கு கிடையாது,
வெளிச்சத்துக்கு நாம்தான் கூட்டிப்போக வேண்டும்.
தெருவுக்கு வந்தேன். சித்திரை மாதம், பதினொரு மணி.
காரைக்குடியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும்
வெயிலுக்கு வராது.
சாய்த்துப் பிடித்த ஏதோவொரு கோணத்தில்
சட்டென்று ஒரு காடு, ஒரு கோட்டை,
கட்டைவிரல் நகம் அளவில் வாளேந்தி ஒருத்தி.

உள்ளேயே செருகி விட்டுப்போன கார்ட்ரிட்ஜில்
சேமித்த ஆட்டம் ஒன்று.
பெயர்: சிகப்பி. ஆங்கிலத்தில் ஏழெழுத்து,
எட்டாவது எழுத்துக்கு அங்கே இடமும் இல்லை.
நாற்பத்தொரு மணி, பதினேழு நிமிடம்.
கடைசிக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள்.

பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
ஏ, பி இரண்டும் சரி.
கூட்டல்குறி கொஞ்சம் தளர்வு.
வலது தோள் சரி.
இடது தோள் செத்துவிட்டது.
"ஒரு தோள் விளங்காத பெட்டிக்கு ரெண்டாயிரமா?"
"இதுல தோள் எங்கேம்மா இருக்கு?" என்றார் பாய்.
காட்டினேன்.
எழுநூற்றைம்பதுக்கு முடிந்தது,
எனாமல் கிண்ணம் ஒன்று கொசுறு.

செக்காலை ரோட்டில் என் போன் சர்வீஸ் கடை.
வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து
அந்தக் கதவைத் திறந்தேன்.
நாலு நொடி. அரக்கன் நெருப்பைத் துப்பினான்,
சிகப்பி விழுந்தாள்.
மறுபடி. இப்போது மூன்றே நொடி.
பதினொரு தடவை அவளைச் சாகடித்தேன்.
பதினொரு தடவையும் அதே கதவுக்கு முன்
அலுத்துக்கொள்ளாமல் வந்து நின்றாள்.

பிறகுதான் மெனுவைப் படித்தேன்
(சர்வீஸ்காரிக்கு அதுதானே அழகு).
கேடயம்: இடது தோள்.

திருகைக் கழற்றினேன்.
மற்ற பொத்தான்களின் அடியில்
கரிப்பொட்டு கண்மை மாதிரி அப்படியே.
இதில் மட்டும் தேய்ந்து தேய்ந்து
வெறும் ரப்பர்.
நாற்பத்தொரு மணி நேரமும்
வாளைவிடக் கேடயத்தை நம்பியவள்.
கடைசி வாசலில் அதை அழைத்திருக்கிறாள்.
வரவில்லை.

அதைச் சொல்லித்தான்
நான் ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைத்திருக்கிறேன்.

செத்த டிவி ரிமோட் ஒன்றைப் பிளந்து,
எந்த வீட்டிலும் யாரும் தொட்டிராத
டெலிடெக்ஸ்ட் பொத்தானின் கரிப்பொட்டை
பிளேடால் நறுக்கி ஒட்டினேன்.
மூடும்போது ஒரு திருகின் தலையில் கீறல் விழுந்தது.
அது என் கணக்கு.

மணி ஐந்தாகிவிட்டது.
வெயில் எதிர்வரிசை நகைக்கடைப் பலகைக்கு ஏறியிருந்தது,
மிச்சத்தைத் தேடி நடுரோடு வரை வந்து
பெட்டியைச் சாய்த்துப் பிடித்தேன்.
கதவு. அரக்கன். நெருப்பு.
இடது ஆள்காட்டி விரலை அழுத்தினேன்.
கேடயம் எழுந்தது.

"அக்கா, என் போன் ரெடியா?"

நிழல் விழுதுடா,
தள்ளி நில்லு.